ஒரு லங்காஸ்டர், ஒரு தேதி: 1944-இன் வண்ணப்பூச்சைச் சிமுலேட்டரில் மீட்டெடுத்த ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குறிப்பு ஒரே ஒரு விமானத்தின் வண்ணப்பூச்சைப் பற்றியது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் பாம்பர் கமாண்ட் என்ற குண்டுவீச்சுப் பிரிவில் பறந்த அவ்ரோ லங்காஸ்டர் அது. அதை ஃப்ளைட் சிமுலேட்டரில் கொண்டுவரச் சொல்லி வந்த கோரிக்கையிலிருந்து இரண்டாம் பதிப்பு வெளியானது வரை நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் கேட்டுக்கொண்டபடி ஸ்குவாட்ரன் (விமான அணி) எண், விமானத்தின் வரிசை எண், அணிக்குள் அதை அடையாளம் காட்டிய எழுத்து, மூக்கில் எழுதியிருந்த பெயர் ஆகியவற்றை இங்கே தரவில்லை.

பின்னணி

கோரிக்கை அனுப்பியவர் பல வருடங்களாகச் சிமுலேட்டரில் பறப்பவர். அவருடைய அம்மாவின் அப்பா, இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பாம்பர் கமாண்டின் 5-வது குரூப்பில் வால் துப்பாக்கி வீரராக இருந்தவர். 1943 இலையுதிர்காலத்தில் பறக்கத் தொடங்கி, 1944 ஏப்ரலில் முப்பது தாக்குதல்கள் கொண்ட தன் முதல் டூரை முடித்தார். பாம்பர் கமாண்டின் சுமார் 1,25,000 வான்வீரர்களில் 55,573 பேர் இறந்தார்கள். பெர்லின் மீது தொடர் தாக்குதல் நடந்த அந்தக் குளிர்காலத்தில் முப்பதையும் முடித்த குழுக்கள் குறைவு. குடும்பத்தில் அந்த விமானத்தைப் பற்றிய பேச்சு தலைமுறை தாண்டியும் நிற்பதற்கு அதுவே காரணம்.

பேரன் கேட்டது தெளிவாக இருந்தது: தாத்தா கடைசித் தாக்குதலுக்குக் கிளம்பிய இரவில் அந்த விமானம் எப்படி இருந்ததோ, அப்படியே வேண்டும்.

அதே எழுத்து கொண்ட ஒரு பெயின்ட், அதாவது சிமுலேட்டர் விமானத்துக்கான வண்ணப்பூச்சுக் கோப்பு, ஏற்கெனவே இணையத்தில் கிடைத்தது. அதில்தான் அவர் பறந்துகொண்டிருந்தார். நாங்கள் அதைத் திறந்து பார்த்தபோது மூன்று விஷயங்கள் உடனே உறுத்தின. இறக்கைகளின் அடியில் பெரிய வெள்ளை எழுத்தில் வரிசை எண் இருந்தது. இரவுக் குண்டுவீச்சு விமானங்களில் அது போர் முடிந்த பிறகு வந்த வழக்கம். உடற்பகுதியின் சிவப்புக் குறியெழுத்துகளுக்கு மஞ்சள் ஓரம் இருந்தது. பகல் தாக்குதல்கள் கூடிய 1944-இன் பிற்பகுதியில்தான் 5-வது குரூப்பின் சில ஸ்குவாட்ரன்கள் அப்படி எழுதத் தொடங்கின. மூன்றாவதாக, பத்து வருடம் வெயிலில் நின்ற விமானம்போல எங்கு பார்த்தாலும் பெயின்ட் உரிந்து அலுமினியம் தெரிந்தது. தனித்தனியாகப் பார்த்தால் இதில் எதுவும் கற்பனை கிடையாது. ஏதோ ஒரு லங்காஸ்டரில், ஏதோ ஒரு காலத்தில் இருந்தவைதான். எல்லாம் ஒரே விமானத்தில் ஒரே நாளில் இருந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

எங்கள் குழு சிறியது. ஆவணம் தேடுபவர் ஒருவர், டெக்ஸ்ச்சர் (மாடலின்மேல் போர்த்தும் படம்) வரைபவர் ஒருவர். இருவர் செய்வதையும் ஒத்துப் பார்ப்பது என் வேலை.

கையில் இருந்த ஆதாரங்கள்

குடும்பத்திடம் தாத்தாவின் லாக்புக், அதாவது அவர் பறந்தவற்றின் பதிவேடு, இருந்தது. கூடவே ஒரு சின்ன ஆல்பமும், வாய்வழியாக வந்த இரண்டு செய்திகளும். விமானத்தின் எழுத்து இன்னது. மூக்கில் எழுதியிருந்த பெயர் சிவப்பு. இரண்டாவது செய்தியில் பேரனின் அம்மா மிக உறுதியாக இருந்தார். அப்பா அப்படித்தான் சொல்லிக் கேட்டிருக்கிறார்.

லாக்புக்கில் ஒரு சிக்கல். தாத்தா பெரும்பாலான பக்கங்களில் விமானத்தின் எழுத்தை மட்டும் எழுதியிருந்தார், வரிசை எண்ணை எழுதவில்லை. வான்வீரர்களிடம் இது சாதாரண வழக்கம். ஆனால் ஒரு விமானம் திரும்பாமல் போனால் அதன் எழுத்தை அடுத்து வரும் விமானத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே எழுத்தை வைத்து எந்த விமானம் என்று சொல்ல முடியாது.

ஆல்பத்தில் பயன்பட்ட படம் ஒன்றே ஒன்று. விமானத்தின் இடப்பக்க மூக்குக்குக் கீழே ஏழு பேரும் நிற்கிறார்கள். இருவர் உயிர்காப்பு அங்கியோடு இருக்கிறார்கள். தலைக்கு மேலே பெயரும், முடித்த தாக்குதல்களைக் குறிக்கும் சின்னச் சின்னக் குண்டு வடிவங்களும் தெரிகின்றன. படத்தின் பின்னால் பென்சிலில் "ஏப்ரல்" என்று இருந்தது. வருடம் இல்லை.

ஒரே எழுத்து, இரண்டு விமானங்கள்

அடுத்து ஸ்குவாட்ரனின் செயல்பாட்டுப் பதிவேட்டுக்குப் போனோம். லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏர் 27 என்ற வரிசையில் இவை இருக்கின்றன. படிவம் 540 ஸ்குவாட்ரனின் அன்றாடச் சுருக்கம். படிவம் 541-இல் ஒவ்வொரு தாக்குதலுக்கும் விமானத்தின் வரிசை எண், குழுவினரின் பெயர்கள், கிளம்பிய நேரம், இறங்கிய நேரம் எல்லாம் இருக்கும். வண்ணப்பூச்சு வேலைக்கு இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். எங்கள் அனுபவத்தில், பெயின்ட் சம்பந்தமான கேள்விகளில் பாதிக்கு மேல் பெயின்ட் பற்றியே பேசாத இந்தப் படிவத்தில்தான் தீர்கின்றன.

லாக்புக்கை ஒரு பக்கமும் படிவம் 541-ஐ மறுபக்கமும் வைத்து ஒவ்வொரு இரவாக ஒத்துப் பார்த்ததில், அந்த எழுத்தை இரண்டு லங்காஸ்டர்கள் அடுத்தடுத்துச் சுமந்தது தெரிந்தது. முதல் விமானம் மொத்தம் 11 தாக்குதல்கள் பறந்தது. அதில் 9 இந்தக் குழுவினுடையவை. அவர்கள் விடுப்பில் இருந்தபோது வேறொரு குழு எடுத்துச் சென்று, அது திரும்பவில்லை. 1944 ஜனவரியில் புதிய விமானம் வந்து, அதே எழுத்தைப் பெற்றது. டூரின் மீதியைப் பெரும்பாலும் இந்த இரண்டாவது விமானத்தில்தான் தாத்தா பறந்தார்.

குடும்பத்துக்கு இது புதுச் செய்தி. அவர்கள் மனதில் இருந்தது ஒரே விமானம். "எங்கள் விமானம்" என்று தாத்தா சொன்னது இரண்டையும் சேர்த்துத்தான் என்று எடுத்துச் சொன்னபோது, பேரன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் முதல் விமானத்தில் போனவர்களின் பெயர்களைக் கேட்டார். படிவத்தில் இருந்தபடியே எழுதி அனுப்பினோம்.

படத்தின் தேதி

படத்தில் இருப்பது எந்த விமானம், எந்த நாள்? இங்கேதான் அந்தக் குண்டு வடிவங்கள் உதவின. பெரிதாக்கி எண்ணியதில் 17 இருந்தன.

முதல் விமானம் 11-க்கு மேல் போகவே இல்லை. ஆகவே படத்தில் இருப்பது இரண்டாவது. ஆனால் எண்ணிக்கை குழுவினுடையதா, விமானத்தினுடையதா என்ற கேள்வி பாக்கி இருந்தது. சில இடங்களில் குழுவின் கணக்கையே வரைந்தார்கள். லாக்புக்கின்படி இந்தக் குழு மார்ச் கடைசியில் 26 முடித்திருந்தது. 17-ஐ அவர்கள் எட்டியது நடுக் குளிர்காலத்தில். பின்னால் எழுதியிருந்த "ஏப்ரல்" அதோடு ஒட்டாது. விமானத்தின் கணக்கில் பார்த்தால் 17-வது தாக்குதல், 1944 மார்ச் 30 இரவு ஜெர்மனியின் நியூரம்பர்க் நகர்மீது நடந்தது. 18-வது ஏப்ரல் முதல் வாரத்தின் கடைசியில். இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி. "ஏப்ரல்" என்ற பென்சில் குறிப்பு அந்த இடைவெளியில் சரியாகப் பொருந்தியது.

நியூரம்பர்க் தாக்குதலில் ஒரே இரவில் 95 விமானங்களை பாம்பர் கமாண்ட் இழந்தது. போர் முழுவதிலும் அதற்கு ஏற்பட்ட மிகப் பெரிய ஒற்றை இரவு இழப்பு அது. அதற்குச் சில நாள் கழித்து இந்த ஏழு பேரும் விமானத்துக்குக் கீழே நின்று படம் எடுத்திருக்கிறார்கள். இதை அறிந்த பிறகு அந்தப் படத்தை நாங்கள் வெறும் பெயின்ட் ஆதாரமாகப் பார்க்கவில்லை. வேலையின் ஒவ்வொரு முடிவிலும் அது கூடவே இருந்தது.

முதல் பெரிய முடிவு

பேரன் கேட்டது கடைசித் தாக்குதலின் இரவு. விமானத்தின் கணக்கில் அது 21-வது. அன்று மூக்கில் 20 குண்டுகள் இருந்திருக்க வேண்டும், தரைக்குழு அவ்வப்போது வரைந்திருந்தால். ஆனால் எங்களிடம் இருந்த படம் 17-இல் நிற்கிறது.

மூன்று குண்டுகள் கூட்டிவிடுவது சுலபமான வேலை. எங்கள் ஓவியர் அதைத்தான் விரும்பினார். கேட்டவரின் ஆசையும் அதுதான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெயின்ட் விஷயத்தில் என் நிலைப்பாடு இதுதான்: ஒரு விமானத்துக்கு வண்ணப்பூச்சு என்று பொதுவாக எதுவும் கிடையாது, ஒரு தேதியில் அந்த விமானத்துக்கு இருந்த வண்ணப்பூச்சுதான் உண்டு. அந்தத் தேதியை நம் விருப்பம் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஆதாரம் தேர்ந்தெடுக்க வேண்டும். 20 குண்டுகள் வரைந்தால் அந்த மூன்று குண்டுகளோடு சேர்ந்து வேறு பல விஷயங்களும் யூகமாகிவிடும். நடுவில் ஒரு தகடு மாற்றியிருக்கலாம், பீரங்கிச் சிதறல் பட்ட ஓட்டையை அடைத்துப் புதிதாகப் பூசியிருக்கலாம், பெயரைத் திருத்தி எழுதியிருக்கலாம்.

கடைசியில் மூவரும் சேர்ந்து, படம் எடுத்த நாளையே வண்ணப்பூச்சின் நாளாக வைப்பது என்று முடிவு செய்தோம். பேரனிடம் காரணத்தைச் சொன்னோம். அவர் ஏற்றுக்கொண்டார். மனம் முழுதாக ஒப்பவில்லை என்பது தெரிந்தது.

தேதி முடிவானதும் பல கேள்விகள் தாமாகத் தீர்ந்தன. 1944 ஏப்ரல் தொடக்கம் என்றால் விமானப்படையின் வட்டச் சின்னம் 1942 நடுவிலிருந்து வந்த சி-1 வகை: உடற்பகுதியில் மொத்த விட்டம் 54 அங்குலம், ஒவ்வொரு வட்டத்தின் விட்டம் உள்ளிருந்து சிவப்பு 18, வெள்ளை 24, நீலம் 48, கடைசியில் மஞ்சள். இறக்கை மேல்பக்கம் சிவப்பும் நீலமும் மட்டும் கொண்ட பி வகை. இறக்கைக்கு அடியில் ஒன்றுமில்லை. குறியெழுத்துகள் மங்கிய சிவப்பு, மஞ்சள் ஓரம் கிடையாது. வரிசை எண்ணும் அதே மங்கிய சிவப்பில், 8 அங்குல உயரத்தில். விமானத்துக்கு அன்று வயது சுமார் மூன்று மாதம்.

நிறங்கள்

லங்காஸ்டரின் மேல்பக்கம் கரும்பச்சையும் கருமண் நிறமும். பக்கவாட்டும் அடிப்பகுதியும் வால் துடுப்புகளும் கருப்பு. அந்தக் கருப்புக்கு விமானப்படை வைத்த பெயர் "நைட்".

நிறத்துக்கு நேரடிச் சாட்சியாக அருங்காட்சியக விமானங்களைப் பார்க்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எச்சரிக்கை தேவைப்படும் இடம் இது. லண்டனின் ஹெண்டனில் இருக்கும் ஆர்5868 என்ற லங்காஸ்டர், 137 தாக்குதல்கள் பறந்த உண்மையான விமானம். ஆனால் 1959 முதல் 1970 வரை ஸ்காம்ப்டன் தளத்தின் வாசலில் திறந்த வெளியில் நின்றது. இன்று கண்ணில் படுவது பின்னாளின் பூச்சு. அமெரிக்காவில் இன்னும் தெளிவான உதாரணம் உண்டு. "ஷூ ஷூ ஷூ பேபி" என்ற பி-17 குண்டுவீச்சு விமானம், போரில் பூச்சில்லாத வெறும் அலுமினிய உடலோடு பறந்தது. பின்னாளில் மீட்டெடுத்தபோது தகடுகளில் செய்த ஒட்டுவேலைகளை மறைக்க ஆலிவ் பச்சை பூசினார்கள். அதைப் படம் எடுத்து அப்படியே சிமுலேட்டருக்கு வரைபவர், போரில் இல்லாத ஒரு விமானத்தையே வரைவார். அருங்காட்சியக விமானத்திலிருந்து ரிவெட் வரிசையையும் தகடுகளின் இணைப்புகளையும் எடுத்துக்கொள்ளலாம். நிறத்தை எடுக்க வேண்டாம்.

நாங்கள் பிரிட்டிஷ் தர அட்டைகளின் அளவீடுகளிலிருந்து தொடங்கினோம். கரும்பச்சைக்கு பிஎஸ் 381சி-641, கருமண்ணுக்கு அதே தரத்தில் 450. அளவீட்டைத் திரையில் நிறத்தைக் குறிக்கும் எஸ்ஆர்ஜிபி எண்ணாக மாற்றி, அதைத்தான் டெக்ஸ்ச்சரில் வைத்தோம். ஒளிப்படத்தின்மேல் கர்சரை வைத்து நிறத்தை எடுக்கவில்லை. படத்தில் இருப்பது அன்றைய வெளிச்சமும் ஃபிலிமும் ஸ்கேனரும் சேர்ந்த நிறம்.

இங்கே ஒரு பழைய விவாதம் குறுக்கே வரும். பிளாஸ்டிக் மாடல் செய்பவர்கள் நிறத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்குவார்கள். சிறிய உருவத்தில் அசல் நிறம் கனமாகத் தெரியும் என்பதால். சிமுலேட்டரில் அதைச் செய்யக் கூடாது. தொலைவு, பனிமூட்டம், காற்றின் நீலம் எல்லாவற்றையும் சிமுலேட்டரே கணக்கிட்டுச் சேர்க்கிறது. டெக்ஸ்ச்சரிலும் வெளுப்பாக்கினால் அதே விளைவு இரண்டு முறை வரும். மாலை வெளிச்சத்தில் விமானம் சாம்பல் பூத்துப்போகும்.

கருப்புக்குத்தான் அதிக யோசனை தேவைப்பட்டது. "நைட்" முழுக் கருப்பு கிடையாது, மிக லேசான நீலச் சாயல் உண்டு. அதைத் தவிர, இன்றைய சிமுலேட்டர்களின் ஒளிக்கணக்கில் அடிநிறத்தைப் பூஜ்யத்தில் வைத்தால் எந்த வெளிச்சமும் அதில் படியாது. தகடுகளின் விளிம்பும் வளைவும் மறைந்து விமானம் வெட்டி ஒட்டிய நிழல்போல நிற்கும். எஸ்ஆர்ஜிபி அளவில் 30-க்குக் கீழே போகாமல் நிறுத்திக்கொண்டோம். மீதிக் கருமையைச் சொரசொரப்பைக் கட்டுப்படுத்தும் சேனலிடம் விட்டோம். போரின் தொடக்கத்தில் பூசிய "ஸ்பெஷல் நைட்" மிகச் சொரசொரப்பானது, வேகத்தையும் குறைத்தது. 1944-இல் இருந்தது அதைவிட வழுவழுப்பான வகை. மழையில் நனைந்த லிங்கன்ஷயர் காலையில் அது மங்கலாகப் பளபளக்க வேண்டும். அந்தப் பளபளப்பைச் சரியாக்கிய பிறகுதான் விமானத்துக்கு எடை வந்தது.

தேய்மானம்

மூன்று மாத விமானம். ஆகவே உரிந்த அலுமினியத்தைக் கிட்டத்தட்ட முழுதாக நீக்கினோம். கதவடியிலும், இறக்கையின்மேல் மெக்கானிக்குகள் ஏறி நிற்கும் இடத்திலும் மட்டும் உரசல் வைத்தோம். எஞ்சின்களுக்குப் பின்னால் எண்ணெய் வழிவு. இறக்கையின் மேல்பக்கம் புகைத்தடம்: அது கருப்பாக இருக்காது. 100 ஆக்டேன் பெட்ரோலில் கலந்த ஈயத்தால் வெளிறிய பழுப்புச் சாம்பலாகப் படியும். பலர் கரும்புகையாக வரைகிறார்கள். கருப்பும் பச்சையுமான விமானத்தில் வெளிறிய தடம்தான் கண்ணில் படும். அன்றைய படங்களிலும் அப்படியே தெரிகிறது.

மொத்தம் 7,377 லங்காஸ்டர்கள் கட்டினார்கள். அவற்றில் பாதியளவு போரிலேயே போயின. பல விமானங்கள் பழையதாகும் அளவுக்கு வாழவே இல்லை. புதுப் பெயின்ட்டோடு இருக்கும் ஒரு லங்காஸ்டர், கீறலும் உரிசலும் நிறைந்த ஒன்றைவிட அந்தக் காலத்துக்கு உண்மையாக இருக்கும் என்று நம்புகிறேன்.

மூக்கில் இருந்த பெயர்

குடும்பம் சொன்னது சிவப்பு. ஆல்பப் படத்தில் எழுத்துகள் கிட்டத்தட்ட வெள்ளையாகத் தெரிந்தன.

அந்தக் காலத்து அமெச்சூர் ஃபிலிம்களில் பல ஆர்த்தோக்ரோமாட்டிக் வகை. கோடக்கின் வெரிக்ரோம் அப்படிப்பட்டது. அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பு கருப்பாக விழும், மஞ்சள் இருண்டு போகும், நீலம் வெளுத்துவிடும். பாங்க்ரோமாட்டிக் ஃபிலிமில் இது நேர்மாறு: மஞ்சள் வெளிச்சமாகவும் நீலம் இருட்டாகவும் வரும். எந்த ஃபிலிம் என்று தெரியாமல் கருப்பு-வெள்ளைப் படத்தில் நிறம் சொல்வது வீண்.

எந்த ஃபிலிம் என்பதை எங்களுக்குக் காட்டிக்கொடுத்தது அந்த இரண்டு உயிர்காப்பு அங்கிகள். விமானப்படையின் அந்த அங்கிகள் மஞ்சள். படத்தில் அவை இருண்ட சாம்பலாக இருந்தன. ஆகவே ஆர்த்தோ. அப்படியானால் வெளுப்பாகத் தெரியும் எழுத்துகள் சிவப்பாக இருக்க முடியாது. வெள்ளையாக இருக்கலாம், வெளிர் நீலமாகவும் இருக்கலாம். குண்டு வடிவங்களும் அங்கிகளைப் போலவே இருண்டு தெரிந்தன, அவை மஞ்சள் என்பதற்கு அது பொருந்தியது.

முதல் பதிப்பில் எழுத்துகளை வெள்ளையாக வைத்தோம். கூடவே வரும் குறிப்புக் கோப்பில், "வெள்ளை அல்லது வெளிர் நீலம்; உறுதியில்லை; குடும்ப நினைவு சிவப்பு என்கிறது" என்று எழுதினோம். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சேர்ப்பதா என்று எங்களுக்குள் பேச்சு வந்தது. சேர்க்க வேண்டும் என்றேன். ஒரு மகள் தன் அப்பாவிடமிருந்து கேட்டதும் ஆதாரம்தான். படத்தை அது தோற்கடிக்காது, ஆனால் பதிவில் இடம் பெறும் உரிமை அதற்கு உண்டு.

முதல் பதிப்பில் நிரப்ப வேண்டியிருந்த மற்ற இடங்கள்

வலப்பக்கம் எப்படி இருந்தது என்று எங்களிடம் எதுவும் இல்லை. லங்காஸ்டர்களில் ஸ்குவாட்ரன் குறி வட்டச் சின்னத்துக்கு முன்னாலா பின்னாலா என்பது பக்கத்துக்குப் பக்கம், ஸ்குவாட்ரனுக்கு ஸ்குவாட்ரன் மாறும். அதே ஸ்குவாட்ரனின் அதே காலத்து வேறொரு விமானத்தைப் பின்பற்றினோம்.

மேல்பக்க உருமறைப்புக் கோலத்துக்கு வரிசை எண்ணிலிருந்து எந்தத் தொழிற்சாலை என்று கண்டுபிடித்தோம். அவ்ரோ தவிர மெட்ரோபாலிட்டன்-விக்கர்ஸ், ஆர்ம்ஸ்ட்ராங் விட்வொர்த், ஆஸ்டின், விக்கர்ஸ்-ஆர்ம்ஸ்ட்ராங்ஸ் ஆகியவையும் கனடாவில் விக்டரி ஏர்கிராஃப்ட்டும் லங்காஸ்டர் கட்டின. அதே தொழிற்சாலையின் அதே தொகுதியில் வந்த விமானங்களின் படங்களை ஒப்பிட்டு வரைந்தோம்.

பெயின்ட்டால் முப்பரிமாண மாடலின் வடிவத்தை மாற்ற முடியாது. எங்கள் மாடலில் உடற்பகுதி நெடுக ஆரம்பகால லங்காஸ்டரின் சின்ன ஜன்னல்கள் இருந்தன. எங்கள் விமானத்தின் படத்தில் அவை தெரியவில்லை. கண்ணாடிப் பகுதியில் ஒளி ஊடுருவலைத் தீர்மானிக்கும் ஆல்ஃபா சேனலை முழு மறைவாக்கி மேலே கருப்புப் பூசிவிட்டோம். அன்றைய தரைக்குழுக்களும் சில விமானங்களில் ஜன்னல்களின்மேல் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வயிற்றுக்குக் கீழே இருந்த எச்2எஸ் ரேடார் கூடு மாடலோடு வந்தது, அதை அப்படியே விட்டு யூகம் என்று குறித்தோம்.

வெளியீட்டுக்குப் பின்

பேரன் முதல் முறை அதில் பறந்துவிட்டு எழுதிய கடிதம் நீளமானது. வால் துப்பாக்கிக் கூண்டிலிருந்து பார்த்தபோது இரண்டு துடுப்புகளுக்கும் நடுவே வேறொன்றுமே தெரியவில்லை, தாத்தா ஒவ்வொரு தாக்குதலிலும் மணிக்கணக்காக இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று எழுதியிருந்தார். அவருடைய அம்மா வெள்ளை எழுத்தைப் பார்த்து வருத்தப்பட்டார். நாங்கள் அப்பாவை நம்பவில்லை என்று அவருக்குப் பட்டது. ஃபிலிம் விஷயத்தை விளக்கி, அவருடைய சாட்சியம் குறிப்புக் கோப்பில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டினோம். உடனே சமாதானமாகவில்லை.

பிறகு நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அதே குழுவின் வயர்லெஸ் ஆபரேட்டரின் குடும்பத்தில் ஒருவர் அந்தப் பெயின்ட்டைப் பார்த்துத் தொடர்புகொண்டார். அவரிடம் இரண்டு படங்கள் இருந்தன.

ஒன்று அதே மூக்கு, இப்போது 19 குண்டுகளோடு. இதில் குண்டுகள் பளிச்சென்று வெளிச்சமாக இருந்தன, எழுத்துகள் நடுத்தரச் சாம்பல். ஆல்பப் படத்தில் எழுத்து வெளுப்பு, குண்டு இருட்டு, இதில் தலைகீழ். அதாவது இந்தப் படம் பாங்க்ரோமாட்டிக் ஃபிலிமில் எடுத்தது. வெள்ளை எந்த ஃபிலிமிலும் வெள்ளையாகவே இருக்கும். ஒன்றில் வெளுத்து மற்றதில் இருளும் நிறம் நீலம். இரண்டு நிறங்களும் ஒரே தகட்டில், ஒரே வெளிச்சத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் வெளிச்ச அளவு கூடியது குறைந்தது என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. பெயர் வெளிர் நீலம், குண்டுகள் மஞ்சள்.

இரண்டாவது படம் வலப்பக்கத்தைப் பின்னாலிருந்து காட்டியது. ஸ்குவாட்ரன் குறியும் விமான எழுத்தும் நாங்கள் வைத்ததற்கு எதிர்ப்புறமாக இருந்தன. யூகம் என்று குறித்து வைத்திருந்த இடம் என்பதால் திருத்துவது எளிதாக இருந்தது. வேறு எதையும் கலைக்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டாம் பதிப்பில் நீல எழுத்தும் சரியான வலப்பக்கமும் வந்தன. 17 குண்டுகள் கொண்ட நாள் அப்படியே இருக்கிறது. 19-க்கும் இப்போது ஆதாரம் இருப்பதால் அதற்கு ஒரு தனி டெக்ஸ்ச்சர் சேர்த்தோம். தாத்தாவின் கடைசித் தாக்குதலுக்கு அது இன்னும் நெருக்கம். பேரன் அதில்தான் பறக்கிறார். 20 குண்டுகளை அவர் பிறகு கேட்கவில்லை.

அவருடைய அம்மா இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குறிப்புக் கோப்பில் தன் வரி அப்படியே இருக்கட்டும் என்று சொன்னார். இருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் கோப்பில் சேர்த்தோம். இந்தக் குழு டூரை முடித்துப் போன பிறகு விமானம் வேறொரு குழுவிடம் போனது. 1944 கோடையில் அவர்களோடு திரும்பாமல் போனது. அந்த ஏழு பேரின் பெயர்களும், முதல் விமானத்தோடு போனவர்களின் பெயர்களும் கோப்பின் முதல் பக்கத்தில் உள்ளன. டெக்ஸ்ச்சரைத் தரவிறக்குபவர் நிறுவும் முறையைப் படிக்கும் முன்பே அவர்களைப் படிப்பார்.

இனி செய்யும் முறையில் மாற்றங்கள்

ஒவ்வொரு பெயின்ட்டுக்கும் போட்டோஷாப் கோப்பில் தனியாக ஒரு லேயர் வைக்கிறோம். படத்தால் உறுதியானது ஒரு நிறம், ஆவணத்தால் உறுதியானது ஒரு நிறம், அதே காலத்து ஒத்த விமானத்திலிருந்து எடுத்தது ஒரு நிறம், வெறும் யூகம் ஒரு நிறம். இதைக் குறிப்புக் கோப்போடு ஒரு படமாகவும் வெளியிடுகிறோம். வயர்லெஸ் ஆபரேட்டரின் குடும்பம் தொடர்புகொண்டதற்கு இதுவே வழிசெய்தது; வலப்பக்கம் யூகம் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் "எங்களிடம் வலப்பக்கம் இருக்கிறது" என்று அவர் எழுதினார்.

வேலை தொடங்கும் முன்பே ஏழு பேரின் குடும்பங்களையும் தேடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு லங்காஸ்டர் குழுவில் ஏழு பேர், அதாவது ஏழு ஆல்பங்கள் இருக்க வாய்ப்புண்டு. இந்த வேலையில் ஒன்றோடு தொடங்கினோம், இரண்டாவது தானாக வந்து சேர்ந்தது.

படங்களைக் கேட்கும்போது அச்சின் முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும், விமானம் இல்லாத படங்களையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்கிறோம். ஃபிலிமின் வகையைக் கண்டுபிடிக்க விமானம் தேவையில்லை. மஞ்சள் அங்கி அணிந்த ஒருவர் எங்காவது நின்றிருந்தால் போதும்.

கோரிக்கை வைப்பவரிடம் முதல் கடிதத்திலேயே, எந்த நாளை வரையப்போகிறோம் என்பதை ஆதாரங்களைப் பார்த்த பிறகுதான் சொல்வோம் என்று எழுதிவிடுகிறோம். ஒருவர் மட்டும், அப்படியானால் வேண்டாம் என்று போய்விட்டார். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இப்போது மேசையில் இருப்பது ஹாலிஃபாக்ஸ் என்ற இன்னொரு வகைப் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம். அதற்கு மூன்று குடும்பங்களின் ஆல்பங்கள் வந்திருக்கின்றன, தேதி இன்னும் முடிவாகவில்லை.